இடிப்பதற்கு முன் ஒரு படம்

நாகப்பட்டினத்தின் வடபால், கடலில் வரும் மாலுமிகளுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று வெகு தொலைவிலேயே அறிவிக்கும் அடையாளமாக, மூன்று நிலைகள் கொண்ட சதுரமான செங்கற்கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்தும் நின்றுகொண்டிருந்தது. ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர்கள் சீனக் கோபுரம் என்றார்கள். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய தேசத்து அரசன் எழுப்பிய சூளாமணி விஹாரத்தோடு சம்பந்தப்பட்ட பௌத்தச் சின்னம் அது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். 1867இல், அரசாங்கத்தின் அனுமதியோடு, அது இடித்துத் தள்ளப்பட்டது. அந்தக் கோபுரம் எப்படி இருந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறதென்றால், அதற்குக் காரணம் 1846இல் அதை நேரில் போய்ப் பார்த்த வால்டர் எலியட் என்ற சிவில் அதிகாரி எழுதிவைத்த வருணனையும், 1878இல் அவருடைய கட்டுரையோடு அச்சான ஒரு சித்திரமுந்தான். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் சில பக்கங்களிலும் ஒரு சித்திரத்திலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எலியட் அந்தக் கோபுரத்தைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றும்படி அவரால் செய்யவும் முடியவில்லை. ஆனாலும் அவர் செய்த காரியம் சிறியதன்று. பழைய கட்டடங்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் நடக்கும் வாதங்களெல்லாம், காப்பதா இடிப்பதா என்ற இரண்டே முனைகளில் நின்று நடப்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அவ்விரண்டுக்கும் நடுவில், பணமும் அதிகம் வேண்டாத, யாருடைய சொத்துரிமைக்கும் பங்கம் விளைவிக்காத ஒரு கடமை இருக்கிறது. எல்லாக் கட்டடங்களையும் காப்பது இயலாத காரியந்தான். ஆனால் முறைப்படி படமெடுத்து, அளந்து, பெயர் எழுதிப் பொது இடத்தில் ஒப்படைக்காமல் எந்தப் பழைய ஆலையையும் துறைமுகக் கிட்டங்கியையும் பாலத்தையும் இடிக்க அனுமதிக்கக் கூடாது என்பதே நான் இங்கே சொல்ல வந்தது.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1856இல் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1858இல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பெட்டிகளையும் ரசாயனங்களையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு சுற்றி, எடுத்த படங்கள் இன்றும் அந்த ஊர்களின் சரித்திரத்துக்கு முதல்தரச் சான்றுகள். அவற்றுள் தஞ்சைப் பெரிய கோயில் அதிஷ்டானத்துக் கல்வெட்டுகளை அவர் எடுத்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. கோபுரத்தின் அழகை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், எழுத்து ஓடும் சுவர் நெடுகத் தாமும் நகர்ந்து நகர்ந்து 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தொன்பது அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். படிக்கத் தெரிந்தவன் இங்கிலாந்திலோ சென்னையிலோ இருந்துகொண்டு எழுத்தெழுத்தாகப் படிக்கட்டும் என்ற எண்ணமே அதில் தெரிகிறது. அழகை அவர் மறந்தார் என்பதன்று. அழகுக்கு முன்னால் உபயோகத்தை வைத்தார். சில ஆண்டுகளில், செலவு மிகுதி என்ற காரணத்தால் அந்தப் பதவியையே அரசாங்கம் எடுத்துவிட்டது. அந்தச் சிக்கனத்தின் பலனை நாம் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

கோயில்களைப் பொறுத்தமட்டில் பிற்காலத்தில் நிலைமை திருந்திற்று. 1950களில் பாண்டிச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் மட்டும் தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிய படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டு இருக்கின்றன. ஒரு தூணில் உள்ள சிற்பம் களவுபோனாலும், எந்த ஊர், எந்த மண்டபம், எந்தத் தூண் என்று நிரூபிக்க அந்தப் படங்கள் உதவுகின்றன. ஆனால், நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கடற்கரைப் பிரதேசத்தில் லட்சக்கணக்கான மக்களுக்குச் சோறு போட்ட ஆலைகள், உப்புக் கிட்டங்கிகள், கால்வாய்த் துறைகள், கலங்கரை விளக்கங்கள், நெல் அரைக்கும் மில்கள் இவற்றுக்கு அவ்விதமான ஒரு களஞ்சியம் உண்டா என்றால் பதில் சொல்ல வாய் எழவில்லை. தெய்வம் குடியிருந்த இடத்துக்குக் காட்டும் சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கையாவது மனிதன் உழைத்த இடத்துக்கும் காட்ட வேண்டாமா?

பழவேற்காட்டிலிருந்து தெற்கே புறப்பட்டுக் கடலோரமாகப் போய்ப் பாருங்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைச் சுற்றி வேலியும், தொல்பொருள் துறையின் அறிவிப்புப் பலகையும் இருக்கின்றன. அவை இருக்க வேண்டியவையே. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல காரியம். இந்த இரண்டு கடற்கரைகளையும் பார்த்தவர்கள், அந்நியர் கட்டிய கோட்டையும் கல்லறையுமே நம் கடலோரத்தின் சரித்திரம் என்று எண்ணிவிடக்கூடும். ஆனால் அது பாதிக் கதைதான். பழவேற்காட்டுக்கு அடுத்தாற்போல் ஓடும் பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்வோம். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் கோக்ரேன் கால்வாய் என்று தொடங்கி, வடக்கே ஆந்திரக் கரை நெடுகவும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டு, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தி அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டி, அப்போதிருந்த கவர்னரின் பெயரைப் பெற்ற நீர்வழி அது. உப்பும் விறகும் நெல்லும் சவுக்குக் கட்டையும் அதன் வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு அந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதை ஒரு கவிதையாகவே பாடியிருக்கிறார். பிறகு படகுகள் நின்றன. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் வயிற்றிலேயே ஊன்றப்பட்டன. சென்னையில் அதன் கரையில் லாக் நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. படகை உயர்த்தவும் இறக்கவும் நீரைத் தேக்கித் திறக்கும் கதவுக்கு லாக் என்று பெயர் என்பதும், அந்தக் கதவினால்தான் அந்த இடத்துக்குப் பெயர் வந்தது என்பதும் அந்தப் பெயரைத் தினமும் உச்சரிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய் அது. அதன் கரைகளையும் மதகுகளையும் மைல் மைலாக ஒருவர் நடந்து படமெடுத்திருந்தால், அந்த மக்களுக்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னம் அதைவிட வேறு வேண்டியிராது.

அதற்கும் தெற்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830இல் ஓர் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புக் கல்லையும், காட்டு மரத்தை எரித்த கரியையும் கொண்டு மேல்நாட்டு முறையில் இரும்பு உருக்கிய முயற்சிகளில் இந்தியாவிலேயே மிக முற்பட்டவற்றுள் அது ஒன்று. சில பத்தாண்டுகளில் அது நொடித்துப்போயிற்று. அந்த ஊருக்குப் போகிறவன் உலைகள் நின்ற திக்கைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாம்பனுக்கு வந்தால் சற்று நிற்கத்தான் வேண்டும். 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம் கடலின் மேல் கிடந்து, நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு கைகளைப்போல் மேலெழும் ஷெர்சர் தூக்குப் பகுதியோடு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்தது. அந்தக் கைகளை மேலெழுப்பியது மின்சாரம் அன்று. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இரும்புத் தண்டுகளைத் தள்ளிச் சுற்றினார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்து தனுஷ்கோடியையும் அதை நோக்கிப் போன பயணிகள் ரயிலையும் விழுங்கியபோது, பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன, ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில், விழுந்த கர்டர்களையே தேடியெடுத்துத் தூக்கி நிறுத்தி, 46 நாட்களில் மறுபடியும் ரயில் ஓடும்படி செய்தார்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது.

அந்தப் பழைய பாலத்தின் படங்கள் கோடிக்கணக்கில் இருக்கும் என்று யாரேனும் என்னை மறுக்கலாம். இருக்கட்டும், அவற்றில் பெரும்பகுதி, மாலை வெயிலில் நீலக் கடலும் அதன்மேல் ஊர்ந்து செல்லும் ரயிலுமான ஒரே காட்சி. எந்த ஆணியில் துரு முதலில் ஏறிற்று, எந்தக் கர்டர் 1913இல் வந்தது, எது புயலுக்குப் பின் மாற்றியது, தண்டைத் தள்ளிய ஆட்களின் கை பட்டுப் பட்டு இரும்பு எங்கே வழவழப்பானது என்று காட்டும் படம் அவற்றில் எத்தனை? உலகத்திலேயே உப்புக் காற்று மிகக் கொடுமையாக இரும்பை அரிக்கும் இடங்களில் அது ஒன்று. அங்கே நூறு வருஷம் ஒரு பாலத்தை உயிரோடு வைத்திருந்த, தண்டவாளம் பார்த்த கீமேன்களும் பெயின்டர்களும் செய்த வேலை ஒரு சாஸ்திரம். அந்தச் சாஸ்திரம் பாலத்தின் உடம்பில்தான் எழுதியிருக்கிறது.

தனுஷ்கோடியின் கதி இன்னும் பரிதாபகரமானது. 1914 முதல் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் அங்கே நிற்க, பயணிகள் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போய், மறுபடியும் ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார்கள். தேயிலைத் தோட்டங்களோடும் வியாபாரத்தோடும் உறவுகளோடும் இரண்டு கரைகளையும் தைத்த ஊசிமுனை அது. இன்று அங்கே போகும் பயணிகள் படமெடுப்பது மாதாகோயில் சுவர் ஒன்றைத்தான். உடைந்த வளைவின் வழியாகச் சூரியன் தெரியும்படி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எந்தச் சுவர் ரயில் நிலையம், எது தண்ணீர்த் தொட்டி, எது மக்கள் வசித்த வீடு என்பதை அந்தப் படங்களில் ஒன்றும் சொல்வதில்லை. இடிபாட்டின் அழகு என்று ஒரு ரசனை நமக்குள் எப்படியோ குடிபுகுந்துவிட்டது. பெயர் தெரியாத சுவர், ஆளில்லாத மண்டபம், ஆலமர வேர் பின்னிய ஜன்னல் இவற்றைப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது. நெகிழட்டும், ஆனால் அந்தச் சுவருக்கு ஒரு பெயர் இருந்தது, அந்த மண்டபத்தில் ஆள் இருந்தான், அவன் எப்படிப் போனான் என்பதை மறைக்கும் நெகிழ்ச்சி நல்லதன்று. பல நூறு பேர் ஓரிரவில் மாண்ட ஊரை அழகான பின்னணியாக மட்டும் பார்க்கப் பழகுவது நம் இதயத்துக்கே கேடு.

ஆலைகளின் கதியும் இதுதான். சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. 1918 ஏப்ரலில் அந்தத் தொழிலாளருக்காகவே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் செல்வபதி செட்டியாரும் அதில் முன்னின்றார்கள். இந்தியத் தொழிற்சங்க சரித்திரத்தை எழுதுகிறவர் எவரும் அந்த ஆண்டைக் குறிப்பிடாமல் தாண்ட முடியாது. 1996இல் ஆலை மூடியது. பிறகு அந்தக் கட்டடங்கள் சினிமாப் படப்பிடிப்புக்கு உதவின; வில்லனின் மறைவிடமாகவும், சண்டைக் களமாகவும் தமிழ்நாடே அவற்றைத் திரையில் பார்த்தது. ஒரு மகத்தான ஸ்தலம் இத்தனை முறை படமாகியும், அது எந்த இடம் என்று ஜனங்கள் அறியாமலே இருப்பதற்கு வேறோர் உதாரணம் நான் அறியேன்.

எனக்கு இந்த விஷயத்தில் புத்தி வந்தது கோயமுத்தூரில். அங்கே 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றியது; 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் சரம் சரமாகப் பெருகின. நூலாலையின் கூரை ரம்பப் பல்போல் வரிசை வரிசையாக எழுந்து எழுந்து இறங்கும்; ஒவ்வொரு பல்லிலும் கண்ணாடி வடக்கு முகமாக இருக்கும். நேர் வெயில் உள்ளே விழாமல், நிழலும் விழாமல், நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம் கிடைத்தால்தான் ஓடுகிற இழை அறுவது கண்ணுக்குத் தெரியும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. படமெடுக்கிறவனுக்கு அதைவிடச் சிறந்த வெளிச்சம் வேறு கிடையாது. மூடி வெகு காலமான ஓர் ஆலைக்குள், அதன் பெயர் இங்கே வேண்டாம், நான் ஒரு நாள் முழுதும் அந்த வெளிச்சத்தில் மயங்கித் திரிந்து படமெடுத்தேன். என்னோடு வந்தவர் அங்கேயே முப்பத்தொரு வருஷம் சைடராக இருந்து ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தைப் பார்த்த ஒரு பெரியவர்.

இயந்திரங்களெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. வெறும் தரை. பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார், வழக்கம் என்றார். தரையில் ஆணி பதித்த குழிகள் நேர் கோடுகளாக ஓடின. ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் ஊறிக் கறுத்த பட்டை. அந்தப் பட்டைகளுக்கு இடையில், கால் தேய்ந்து தேய்ந்து கண்ணாடிபோலப் பளபளத்த வழி ஒன்று. "இதுதானுங்க என்ற சைடு" என்று அவர் அதன்மேல் நின்றுகொண்டார். அறுந்த இழையைப் பிணைப்பதற்காக ஒரு ஷிப்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எத்தனை நடை நடந்தாரோ, அத்தனையும் அந்தத் தரையில் இருந்தது. பிறகு ஒரு வார்ப்பிரும்புத் தூணின் அருகே போய்க் குனிந்து முழங்கால் உயரத்தில் விரலை வைத்துக் காட்டினார். அங்கே மட்டும் பெயின்ட் உரிந்து, இரும்பில் பள்ளம் விழுந்திருந்தது. டாஃபர் பையன்கள் நூல் நிறைந்த பாபின்களை வண்டியில் அள்ளிக்கொண்டு ஓடி வரும்போது, திரும்பும் முனையில் வண்டி வந்து இடிக்கும் இடம் அது. ஒவ்வொரு வரிசையின் முனைத் தூணிலும் அதே உயரத்தில் அதே தழும்பு. அன்று நான் கூரையை எடுத்தேன். வெளிச்சம் விழும் தரையை எடுத்தேன். தூண்களின் நெடிய வரிசையை எடுத்தேன். அவர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேனே ஒழிய, தழும்பை எடுக்கவில்லை. பெரியவரைத் தம் வழியில் நிற்க வைத்தும் எடுக்கவில்லை. மனித உருவம் வந்தால் காட்சியின் அமைதி கெடும் என்று அப்போது நினைத்தேன்.

இந்த வேலையை முறையாகச் செய்தவர்கள் வேறு நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதிகள் 1950களின் இறுதியிலிருந்து சுமார் ஐம்பது ஆண்டுகள் ரூர் பிரதேசத்தின் சுரங்கக் கோபுரங்களையும், உருக்கு உலைகளையும், தண்ணீர்த் தொட்டிகளையும் படமெடுத்தார்கள். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நிழல் விழாமல், நேர் எதிரே உயரமான இடத்தில் நின்று, எல்லாவற்றையும் ஒரே விதமாக எடுப்பார்கள். படத்தின் கீழே இடப்பெயர், ஆண்டு போன்ற சுருக்கமான குறிப்புக்கு மேல் எழுத மாட்டார்கள். அப்படி எடுத்த படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான், ஒன்றுக்கொன்று ஒத்தும் வேறுபட்டும் நிற்கும் அந்தக் கட்டடங்களுக்கு மரம் செடிகளைப்போல் குடும்பங்கள் உண்டு என்பது உலகத்துக்குத் தெரிந்தது. டார்ட்மண்டில் ஸோலர்ன் சுரங்கத்தின் இயந்திர மண்டபம் இடிபடுவதாக இருந்தது. எதிர்ப்பு எழுந்து, 1969இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். அந்த நாட்டில் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று அந்தக் கௌரவத்தைப் பெற்றதற்கு அதுவே முதல் உதாரணம் என்பர். எஸ்ஸன் நகரத்து ஸோல்வெரைன் சுரங்கமோ 1986இல் மூடி, 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவே ஆயிற்று. ஜனங்கள் எதைப் பார்க்கப் பழகினார்களோ அதைத்தான் காக்கத் துணிந்தார்கள்.

அமெரிக்கர்கள் இந்தப் படமெடுக்கும் வேலையைத் தனிமனிதரின் ஆர்வத்துக்கு விட்டுவிடவில்லை. 1933இல், பொருளாதாரத் தாழ்வினால் வேலையற்றிருந்த கட்டடக் கலைஞர்களுக்கு வேலை தரவேண்டிய நெருக்கடியில், பழைய கட்டடங்களை அளந்து வரைந்து, படமெடுத்து, சரித்திரம் எழுதித் தேசிய நூலகத்தில் சேர்க்கும் திட்டத்தை அவர்கள் அரசாங்கம் தொடங்கியது. 1969இல் பாலங்களுக்கும் ஆலைகளுக்கும் அணைகளுக்கும் தனியாக இன்னொன்றைத் தொடங்கியது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் சாலையோ அணையோ ஒரு பழைய சின்னத்தைப் பாதிக்குமானால், அதைத் தவிர்க்க முடியாதபோது, அப்புறப்படுத்துமுன் இந்த முறையில் ஆவணம் செய்து வைப்பது அங்கே வழக்கம்.

நம் சட்டங்கள் இந்த இடத்தில் கைவிடுகின்றன. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறு ஆண்டு நிரம்பியவற்றையே புராதனச் சின்னமாக ஏற்கிறது. 1932க்குப் பின் எழுந்த கொங்குநாட்டு ஆலைகளில் ஒன்றுகூட இன்னும் அந்த வயதை எட்டவில்லை. சென்னையில் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், நீதிபதி பத்மநாபன் குழு 467 கட்டடங்களைப் பட்டியலிட்டது; பட்டியல் போடுவது நல்ல தொடக்கம், ஆனால் அது தலைநகரத்தோடு நின்றது. 2012இல் தமிழ்நாட்டுக்கென்று பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து அது ஆலை வாசலுக்கு வந்து சேர வேண்டும்.

நான் கேட்பது மிகச் சுலபமானது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆலை, பாலம், கிட்டங்கி, துறைமுகக் கட்டடம், ரயில் நிலையம் எதை இடிக்க விண்ணப்பித்தாலும், விண்ணப்பத்தோடு அதன் படங்களும் அளவுப்படமும் மாவட்ட நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ சேர்க்கப்பட்டதற்கான ரசீது இருக்க வேண்டும் என்று நகராட்சிகளின் விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். உடைமைக்காரர் இடிக்கட்டும், விற்கட்டும், வீடு கட்டட்டும். அது அவர் உரிமை. பல கோடிக்கு மனை விற்கிறவருக்கு ஒரு வாரப் படவேலைக்கான செலவு ஒரு பொருட்டாகாது. அதைச் செய்யப் பாலிடெக்னிக்குகளிலும் கட்டடக்கலைக் கல்லூரிகளிலும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது பாடந்தானே.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, படத்துக்கா பஞ்சம் என்று கேட்பவர்கள் உண்டு. படத்துக்குப் பஞ்சமில்லை, படத்தின் பின்னால் எழுதுவதற்குத்தான் பஞ்சம். எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, எந்த நாள், கதவின் உயரம் எத்தனை என்பதற்கு ஒரு அளவுகோலாவது பக்கத்தில் இருக்கிறதா, அந்த அறையை அங்கே வேலை செய்தவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பவை இல்லாத படம், விலாசமில்லாத கடிதம். பத்து வருஷத்தில் போன் கெடும், கணக்கு அழியும், எடுத்தவரும் மறந்துவிடுவார். பெயர்களை வேலை செய்தவர்களிடமே கேட்க வேண்டும். பொறியாளரின் வரைபடத்தில் "ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட்" என்று இருக்கும் மண்டபத்துக்குள் பழைய சைடு, புது சைடு என்று ஊழியர்கள் வகுத்துக்கொண்ட பூகோளமே வேறு. மூடிய ஆலைகளின் வாசலில் சம்பள பாக்கிக்காகவும் கிராஜுட்டிக்காகவும் காத்துக் காத்து வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கை கழிந்த இடத்தைப் படமெடுக்கப் போகிறவர், அவர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துப் போகாமல் போவது முறையன்று. கேமராக்காரனுக்குக் கூரை தெரியும். அவர்களுக்குத்தான் தரை தெரியும்.

நான் மறுபடியும் கோயமுத்தூர் போக ஏழெட்டு மாதமாயிற்று. அந்த ஆலை இருந்த இடத்தில் மட்டம் செய்த செம்மண்ணும், மனைகளைக் குறிக்கும் கல்லும் இருந்தன. எடுத்த படங்களில் நல்லவை என்று நான் கருதிய பன்னிரண்டைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு போயிருந்தேன். பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூரையின் படத்தைப் பார்த்து "அருமையாத்தான் இருக்குதுங்க" என்றார். அதற்குமேல் அதில் நிற்கவில்லை. தூண்களின் வரிசைப் படத்துக்கு வந்ததும் கையிலெடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். படத்தின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, நான் வேண்டாமென்று ஒதுக்கிய கடைசித் தூண் மங்கலாக விழுந்திருந்தது. அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. அவர் அங்கே விரலை வைத்தார். உள்ளேயிருந்து பேத்தியைக் கூப்பிட்டு, "இங்க பாரு கண்ணு, இதுதான் வண்டி இடிக்கிற தூணு, இதுக்கு அடுத்தாப்பல அப்பாரு சைடு" என்று காட்டினார். அந்தக் குழந்தை படத்தில் அப்பாருவைத் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கங்க அப்பாரு, நீங்க இதுல இல்லீங்களே?" என்றது. அவர் என்னைப் பார்த்தார். "வெளிய நின்னேங்க கண்ணு" என்று சொல்லி, படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை எனக்குக் காட்டி, பேனா இருக்கிறதா என்று கேட்டார். முனைத் தூண், பழைய சைடு, வடக்கிலிருந்து இரண்டாம் வரிசை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த வரிசையில் தம்மோடு வேலை பார்த்த ஆறு பேரின் பெயர்களையும், யார் யார் எந்த முனையில் நின்றார்கள் என்பதையும் அவர் சொல்லி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.